காலத்தைக் காலமாக ஏற்க இயலாது

ரோஹுகூலா படகுத்துறை. நவம்பர்.
நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற எஸ்தோனியக் கரை.
ஹீயுமா தீவுக்குப் போகும் கடைசிக் கப்பல்
வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.
தடுப்புக்கம்பம் எழவில்லை.

கம்பத்துக்கு இந்தப் பக்கம்
பன்றிகள் ஏற்றிய லாரி, அதன் பின்னால்
பதினேழு கார்கள், ஒரு பியானோவைச் சுமந்த வேன்.

அலுவலக மாடியில் ஹெல்வே பிஹ்லக்
நனைந்த காலுறையை ரேடியேட்டர் மேல் போட்டுவிட்டுப்
பதிவேட்டை உருட்டுகிறாள்.
சிவப்பில் ஒரே வரி, நாற்பது முறை:
காலத்தைக் காலமாக ஏற்க இயலாது.

முதலில் சிரித்தாள்.
லாரி ஹாரன் அடித்தது.

சீட்டுக்கு ஒரு தொகுதி,
உறைபனிப் பாதைக்கு ஒன்று, கம்பத்துக்கு ஒன்று.
ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று விழாது என்று
உணவக மேசையில் உப்புச் சிமிழ்களை நகர்த்தி
ஊர்மோவுக்கு விளக்கியவள் இவள்தான்.
சிமிழ்கள் விழவில்லை, உண்மைதான்.
ஒன்றை ஒன்று தெரியாது என்றுவிட்டன.

சீட்டுத் தொகுதி தன் பைக்குள்
நாள் நேரம் கணிக்கும் நூலகத்தின் இரண்டாம் பதிப்போடு வந்தது.
பனிப்பாதை மூன்றாம் பதிப்போடு.
இரண்டிலும் காலம் என்றொரு வகை.
அதே பெயர், அதே மூக்கு, அதே முழி.
ஏற்றிவந்த கை மட்டும் வேறு.
அது நீட்டிய ஏழரை மணியை
இது வாங்க மறுத்தது:
நீ யாரோ.

நூலகம் என்கிறோம். அங்கே புத்தகம் ஏது?
நூல் உண்டு,
இழுத்தால் எங்கே பிரியும் என்று தெரியாத நூல்.
இது இன்னொன்றைக் கேட்கும்,
அது வேறு மூன்றைக் கேட்கும்.
முன்னால் ஒரு குறிலும் பின்னால் ஒரு வல்லினமும்
இல்லாமல் நிற்கத் தெரியாத ஆய்தம்போல
ஒன்றும் தனியாக ஒலிப்பதில்லை.

சார்புகளின் மரத்தை விரித்தாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு கிளை.
அவள் அழைத்தது ஒன்பதே ஒன்பது பேரை.
மற்றதெல்லாம் விருந்தாளியோடு வந்த விருந்தாளி,
அவர்களுக்கும் பாய் விரித்தாயிற்று.

இரண்டு பைகளிலிருந்தும் உருவிவிட்டுப்
பொதுத்தளத்தில் ஒரே பிரதி, மூன்றாம் பதிப்பு.
இப்போது காலம் காலத்தை அடையாளம் கண்டது.
ஆனால் சீட்டுத் தொகுதி புதிதாக அலறியது:
அரைமணிக்கு முழுமையாக்கும் செயற்கூறு எங்கே?
மூன்றில் நீக்கியிருக்கிறார்கள்.

நீக்கியிருக்கிறார்கள் என்ன, நீக்கியிருக்கிறார்.
ஒரே ஆள்.
உருகுவே, பைசாண்டூ, அனிபால் எச்செவெர்ரி.
கடைசிக் குறிப்பு ஆறு வருடத்துக்கு முந்தையது,
விடியற்காலை 3:52.
"சரியாகிவிட்டது. தூங்கப் போகிறேன்."

அதன் கீழே அறுநூறு பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
சிலர் கெஞ்சி, சிலர் வைது,
ஒருவர் வெறும் கேள்விக்குறி மட்டும்.
யாரும் ஒரு வரி நிரல் எழுதித் தரவில்லை.
ஹெல்வே தேடினாள்:
மூன்று வருடத்துக்கு முன், தட்டியவர்களில்
அவள் பெயரும் இருந்தது.
அவசரம் என்று பெரிய எழுத்தில்.

கீழே லாரிக்காரன் ஐவோ இறங்கினான்.
கம்பத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினான்.
துறைக் காவலர் வால்தூர் அந்நேரம் பார்த்து
வானத்தில் எதையோ கவனித்துக்கொண்டிருந்தார்.
பன்றிகள் போயின, கார்கள் போயின,
பியானோ ஒருமுறை தட்டுத்தடுமாறி
தாழ்ந்த சுரம் ஒன்று எழுப்பிவிட்டுப் போயிற்று.
கப்பல் வாயை மூடிக்கொண்டது.

அவள் எட்டு வரியில் ஒரு பாலம் எழுதினாள்.
பதிப்பு எண்ணைப் பூட்டினாள்.
மூலத்தின் ஒரு பிரதியைத் தங்கள் பேழையிலேயே வைத்தாள்.
பாலத்தின் இன்னொரு பிரதியை
பைசாண்டூவுக்கு அனுப்பிவைத்தாள், எதையும் கேட்காமல்.

எட்டேகாலுக்குக் கம்பம் தானாக எழுந்தது.
எதிரே ஈரத் தார், சக்கரத் தடம்,
யாருமில்லை.

காலுறை ஒரு பக்கம் மட்டும் காய்ந்திருந்தது.
மாட்டிக்கொண்டே குறிப்புப் பெட்டியில் எழுதினாள்:
சரியாகிவிட்டது.
அடுத்த வரிக்கு விரல் போனது, நின்றது.
அங்கே தன் தொலைபேசி எண்ணை இட்டாள்.
அப்புறம், அவனைக் கேட்காமலே,
ஊர்மோவின் எண்ணையும்.