கண்மட்டம்

பன்னிரண்டு பிராங்குக்கு வாங்கிய கல்குலேற்றர்.
பீல் பழைய நகரச் சந்தையில்
பியானோ முக்காலிக்கும் பனிச்சறுக்குச் சப்பாத்துக்கும் நடுவில் கிடந்தது.
திரையில் ஒரு வரிசைப் புள்ளி செத்துவிட்டது.
ஏழை இரண்டு தரம் அழுத்த வேண்டும்.
பின்மூடியில் ஊசியால் கீறிய பெயர்: ஜே. வூமார்.
உள்ளே அவருடைய புரோகிராம்,
நாற்பத்தொரு வரி, ஒரு குறிப்பும் இல்லை.

தூரமும் கோணமும் கொடுத்தால்
உயரம் சொல்லும். சொன்னது.
என்ன, எப்போதும் இருபத்தொரு சென்ரிமீற்றர் கூட.

தேவாலயப் படியில் அறைந்த பித்தளை ஆணி
441.306 என்கிறது பதிவேடு.
இது 441.516 என்கிறது.
நான் பதிவேட்டை நம்புகிற ஆள்.

முதலில் கோணத்தைச் சந்தேகித்தேன்.
பள்ளிக்கூடத்துக்கு வட்டம் முன்னூற்றறுபது,
நில அளவைக்காரருக்கு நானூறு.
சைன் முப்பது போட்டேன். அரை வரவில்லை, 0.454 வந்தது.
நானூறில்தான் நிற்கிறது, குற்றமில்லை.
பிறகு தசமம். இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு பெயர்,
எண்ணுக்கும் புள்ளியா காற்புள்ளியா என்று இரண்டு மனம்.
அதுவும் இல்லை.
பத்து மீற்றரிலும் இருபத்தொன்று,
நூறிலும் இருபத்தொன்று.
கோணப் பிழை என்றால் தூரத்தோடு வளர்ந்திருக்கும்.
இது வளர்கிற சாதி இல்லை.

வானுக்குள் இருந்து றேட்டோ ஏபிஷெர் கத்தினான்,
"பற்றரியைக் கழற்றிப் போடு!"
அவனுக்கு எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து.
கோப்பி மெஷினுக்கும் அதுவே,
காதலியோடு பிணக்கென்றால் போனுக்கும் அதுவே.
கழற்றினேன், பொத்தான் பற்றரியையும் சேர்த்து.
போட்டேன்.
439.836.

இப்போது குறைவு.
ஒரு மீற்றர் நாற்பத்தேழு.

ஈரப் படியில் குந்தியிருந்து
மழைக்கோட்டுக்குள் திரையை ஒளித்துக்கொண்டு
வரி வரியாய் இறங்கினேன்.
பத்தொன்பதாம் வரி: கூட்டு K.
யார் இந்த K?
எங்கேயும் கேட்கவில்லை, எங்கேயும் வைக்கவில்லை,
சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரிப் பந்தியில் இருக்கிறது.
பற்றரி போனபோது புரோகிராம் தப்பியது,
K பூச்சியமாகிவிட்டது.

ஒன்று நாற்பத்தேழு எனக்குத் தெரிந்த எண்.
என் முக்காலிக் கால்களில்
சிவப்புப் பூச்சால் கோடு போட்டிருக்கிறேன்,
நான் எக்காமல், குனியாமல் பார்க்கிற உயரம்.
குறைந்ததையும் கூடியதையும் கூட்டினேன்,
தலைக்குள்ளேயே, மெஷின் வேண்டியிருக்கவில்லை:
ஒன்று அறுபத்தெட்டு.

வூமார், அது உங்கள் கண்.
ஒருநாள் அளந்து உள்ளே வைத்தீர்கள்,
பிறகு மெஷின் உங்களைக் கேட்கவேயில்லை.
இங்கே வேறொருத்தி நிற்பாள் என்று
நாற்பத்தொரு வரியில் ஒரு வரியும் நினைக்கவில்லை.
மூன்று கிழமை நான் உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறேன்:
வடிகால் மூடிகள், சைக்கிள் தரிப்பிடம்,
ஷூஸ் ஆற்றங்கரைச் சுவர்,
எல்லாம் ஏறத்தாழ ஒரு சாண் மிதந்தபடி.
கண்மட்டம் என்றால் குத்துமதிப்பு என்றுதான் இருந்தேன்.
உங்களுடையதற்கு இரண்டு தசமதானம்.

பதினாறு தாளிலும் கழிக்க வேண்டும்.
றேட்டோவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பத்தொன்பதுக்கு மேலே ஒரு வரி நுழைத்தேன்:
K எவ்வளவு?
ஓடவிட்டேன். நின்றது. கேட்டது.
ஒன்று, புள்ளி, நாலு, ஏழு.
ஏழு விழவில்லை.
இன்னொரு ஏழு.