எழுத அனுமதி இல்லை

கௌனஸில் இரவு இரண்டு மணி.
நேமுனாஸ் ஆற்றில் பனிக்கட்டி பிளக்கும் ஓசை
எனக்குக் கேட்கிறது, ஜிவிலேவுக்கு இல்லை.
மேசைக்கு அந்தப் பக்கம் அவள்
நாக்கைத் துருத்தித் தலையைச் சாய்க்கிறாள்:
செத்துவிட்டேன். மறுபடியும்.

ஓநாய் பின்னாலிருந்து வருகிற ஆட்டம் அது.
பாய்வதற்கு முன் ஓர் உறுமல்,
உறுமலோடு கைப்பிடியில் ஓர் அதிர்வு.
உறுமல் என் பங்கு, அதிர்வு அவள் பங்கு.
லினக்ஸ் ஏற்றிய நாளிலிருந்து
அவள் பங்கு வரவில்லை.
ஏற்றிக் கொடுத்தவன் நான்.

பகலில் டிராலிபஸ் பழுதுபார்ப்பவன்.
மேலே கம்பி, கீழே மோட்டார்,
நடுவில் எங்கேயோ ஒரு பொய்.
அதே பழக்கத்தில் தொடங்கினேன்.
கேபிளை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன்.
யு.எஸ்.பி. பட்டியலில் பெயர் இருந்தது.
டிரைவர் சமர்த்தாக ஏறியிருந்தது.
சோதனை நிரலைத் திறந்தால்
பொத்தானுக்குப் பொத்தான் பதில்,
திரை நிறைய எண்கள்.
இடது குச்சி யாரும் தொடாமலே
மூன்று, நான்கு என்று சாய்ந்துகொண்டிருந்தது:
வயதான கட்டுப்படுத்தி, போகட்டும்.
இடது விசை வலது குச்சியாக நடித்தது:
அதுவும் போகட்டும், நாளைக்கு.

ஜிவிலே மேசையை இரண்டு முறை தட்டினாள்.
அவள் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது அப்படித்தான்,
மரத்தின் வழியாக.
இரண்டு முஷ்டி, ஒரு நடுக்கம்,
மேலே போன புருவம்.
எங்கே அது?

மூன்றாவது காபிக்குப் பிறகுதான்
சாதனக் கோப்பின் அனுமதியைப் பார்த்தேன்.
அறுநூற்று நாற்பத்து நான்கு.
நிர்வாகிக்குப் படிக்க, எழுத.
மற்ற எல்லோருக்கும்
படிக்க மட்டும்.

பொத்தானை அமுக்கினால் ஆட்டம் படிக்கும்.
அதிரச் சொல்லவேண்டுமென்றால்
ஆட்டம் அந்தக் கோப்பில் எழுதவேண்டும்.
எழுதவிடாமல் தடுத்த விதி எங்கே என்று தேடிப்போனேன்.
ஒரே வரி. மேலே குறிப்பில்
போன இலையுதிர் காலத்துத் தேதி.
கீழே என் பெயர்.

என் கணினிக்காக நான் எழுதியது.
அதிர்வு எனக்கு இடைஞ்சல்,
முதல் நாளே அணைத்துவிடுகிறவன்.
அதையே யோசிக்காமல் நகலெடுத்து
அவள் கணினியில் போட்டிருக்கிறேன்:
இந்தக் கை சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்,
திருப்பி ஒரு சொல்லும் சொல்லாதே.

நான்கு என்றால் படிக்கலாம்.
இரண்டு என்றால் எழுதலாம்.
கூட்டத் தெரிந்தவன்தான்.

இரண்டு நாலையும் ஆறாக்கினேன்.
(குழுவுக்கு மட்டும் திறந்தால் போதும், தெரியும்.
மணி மூன்று.)
விதிகளை மறுபடி ஏற்றி,
கேபிளைப் பிடுங்கிச் செருகி,
அதிர்வுச் சோதனையில் நான்காம் எண்ணைத் தட்டினேன்.
கனமான மோட்டார்.

மேசைமேல் கிடந்தது
நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து,
கண்ணாடித் தம்ளரில் கரண்டியைக் கிலுக்கி,
உப்புக் கிண்ணத்தில் போய் முட்டியது.
கீழ்வீட்டு புரோனியஸ் குழாயைத் தட்டினார்.
நான் எல்லாவற்றையும் கேட்டேன்.
ஜிவிலே ஒன்றையும் கேட்காமல்
முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றி
முகத்தில் வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் எண். லேசான மோட்டார்.
அவள் யோசித்து,
கன்னத்தில் மீசை இழுத்துக் காட்டினாள்.
பூனை.
திரும்ப நாலு. பற்களைக் காட்டினாள்.
திரும்ப ஐந்து.
நானும் பூனைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்றவர்கள்
ஒருமுறையாவது அந்தச் சங்கை
உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்திருக்கலாம்.
நான் சொல்ல என்ன இருக்கிறது,
நாலு மாதமாக வாயை அடைத்திருந்தவன்.

பிறகு ஆட்டம். காடு. பனி.
அவள் தோள் சட்டென்று இறுகியது;
எனக்கு உறுமல் கேட்ட அதே நொடி.
திரும்பினாள்.
இடது விசை இன்னும் வலது குச்சிதான், மறந்துவிட்டோம்.
கத்தியை எடுப்பதற்குப் பதில்
வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.
ஓநாய் அவளை முழுசாகத் தின்றது.

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.
வருவது தெரிந்தது, என்றாள் கைகளால்,
வருவது தெரிந்தது.