ஒன்பதாம் குழி

கண்ணாடித் துண்டின்மேல் பொன் பூசினோம்.
பூசினோம் என்பது பெரிய சொல்.
தாலிக்கொடி சட்டையில் உரசி
ஒரு நாளில் தேய்வது இதைவிடக் கூட இருக்கும்.
வெளிச்சத்துக்குப் பிடித்தால்
அந்தப் பொன் பச்சையாய்த் தெரிந்தது.

அதில் பன்னிரண்டு குழிகள்.
குழிதோறும் பிறபொருளெதிரிகளை நட்டோம்,
ஒரே ஒரு புரதத்தைத் தவிர
வேறெதையும் பிடிக்கத் தெரியாதவை.
புரதம் வந்து ஒட்டினால் ருதேனியமும் வந்து ஒட்டும்.
ஒன்று தசம் இரண்டு வோல்ட்,
டோர்ச் பற்றரி ஒன்றுக்கும் குறைவு,
கொடுத்தால் ஒளிரும்.
அந்த ஒளியை நான் கண்ணால் கண்டதில்லை.
கருவி எண்ணும். நான் எழுதுவேன்.

இருட்டுப் பெட்டியை நாங்களே செய்தோம்.
முதல் கிழமை எல்லோரும் நோயாளிகள்.
வெறும் உப்புநீருக்கும் புற்றுநோய்.
பிணைச்சலில் ஓர் ஊசித் துவாரம்:
பலாலி வீதிக் கல்யாண மண்டபத்து மின்குமிழ்கள்
அதனூடே உள்ளே வந்து
விருந்துண்டு போயிருந்தன.

அமீன் போத்தலைத் திறக்கும்போதெல்லாம்
அருளப்பு அண்ணை மூக்கைப் பொத்துவார்.
"பாசையூர்ச் சந்தையிலை இருந்து
தப்பி இஞ்சை வேலைக்கு வந்தனான் பிள்ளை,
நீங்கள் சந்தையையே உள்ளுக்கை கொண்டந்திட்டியள்."

வருத்தமில்லாத ஆண்கள் வேண்டும் என்றபோது
சேட்டுக் கையை மடித்தபடி முதலில் வந்தவரும் அவர்தான்.
வயது ஐம்பத்தெட்டு. தடிமன்கூடப் பிடிக்காதாம்.
படிவத்தை வாசிக்காமலே கையெழுத்து.

நேற்றிரவு கரண்ட் போய் வந்தபிறகு ஓட்டினேன்.
எட்டுக் குழிகள்
சாம்பல் மூடிய தணலாய் அடங்கிக் கிடக்க
ஒன்பது எழுந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.
ஏழு மாதத்தில் இப்படி வடிவான ஒரு வரைபை
நான் கண்டதில்லை.
கைத்தொலைபேசியில் படம்கூட எடுத்தேன்.
பிறகுதான் கொப்பியைத் திறந்து
இலக்கத்துக்கு நேரே பெயரைப் பார்த்தேன்.

பிணைச்சலைத் தடவினேன். மெழுகு அப்படியே இருந்தது.
மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை.
புதுத் துண்டு, புதுக் கரைசல், இன்னும் இரண்டு தரம்.
அதே உயரம்.

"முடிவுகள் பங்குபற்றுவோருக்கு அறிவிக்கப்படமாட்டா."
படிவத்தின் நாலாம் பந்தி.
தட்டச்சு செய்தவள் நான்.

காலையில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.
சலம் எப்படிப் போகிறது,
இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள்
என்று கேட்க வாய் வரவில்லை.
அவர் மகளுக்கும் என் வயதுதான்.

"அண்ணை, இந்தப் பெட்டி பிழையும் சொல்லும்.
கலியாண வீட்டையே வருத்தம் எண்டு சொன்ன பெட்டி.
எண்டாலும் பெரியாஸ்பத்திரியிலை ஒருக்கா
ரத்தம் குடுத்துப் பாருங்கோ.
இண்டைக்கே. நான் துண்டு எழுதித் தாறன்."

அவர் பெட்டியைப் பார்த்தார்.
கறுப்புத் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்,
தினமும் கூட்டித் துடைத்துவிட்டுச் செய்வதுபோல.

"என்ரை குழியிலை லைற் எரிஞ்சதோ?"

"ஓம்."

"என்ன நிறம்?"

"செம்மஞ்சளாம்" என்றேன்.