சீனி போடாத தேத்தண்ணி

ஊசி மருந்தைக் குளிரில் வைக்கச் சொன்னார்கள்.
எங்கள் காம்பராவில் குளிர் இருக்கிறது,
பெட்டி இல்லை.
சங்குப்பிள்ளை கடை பிரிட்ஜில்
சோடாப் போத்தலுக்கும் யோகட் சட்டிக்கும் நடுவே
பத்து நாள் இருந்தது என் ரகசியம்.

"சீனி வருத்தமா புள்ள?" என்றார்.
தலையை ஆட்டினேன். ஒரே ஒரு தடவைதான்.
பொழுது சாய்வதற்குள்
மேல் லயம் கீழ் லயம் முழுக்க எனக்குச் சீனி.
மறுநாள் மலையில்
எல்லாக் கோப்பைக்கும் கரண்டி போனது,
என் கோப்பையைத் தாண்டிக்கொண்டு.

கண்டி ஆஸ்பத்திரியில், கண்ணாடி போட்ட ஒரு மிஸ்
கணக்கை எழுதிக் காட்டினாள்.
தயாபரன் அந்தத் தாளைப் பார்த்தான்,
பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தான்.
ஆட்டோவின் லீசிங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.
அவள் பேனாவை மூடாமல் சொன்னாள்:
முட்டையில் பாதியைக் கொடுத்தால்
காசில் பாதியைக் கழிக்கலாம்.
வாங்குகிறவர் யாரென்று நீங்கள் கேட்கக் கூடாது,
அவரும் உங்களைக் கேட்க மாட்டார்.

பாதி எனக்குப் புதிதில்லை.
பதினெட்டுக் கிலோ நிறுக்காத நாளில் அரைப்பேர்.
மழையென்றால் கூடையின் தண்ணிக்கு இரண்டு கிலோ,
வெயிலென்றாலும் அதே இரண்டு கிலோ.
ஆனால்
இதுவரை யாரும் என்னைக் கேட்டுவிட்டுக்
கழித்ததில்லை.
கேட்டார்களே என்றுதான் சரி சொன்னேனோ,
தெரியவில்லை.

படிவத்தில் நிறையக் கேள்வி.
குடும்பத்தில் வலிப்பு உண்டா, பைத்தியம் உண்டா,
பிறவிக் குறை ஏதும் உண்டா.
இல்லை, இல்லை, இல்லை.
என் இடது சுண்டுவிரல்
உள்பக்கமாய் வளைந்திருப்பதை எழுதவில்லை.
கொழுந்து பறித்து வளைந்ததென்று நினைத்திருப்பார்கள்.
அப்படி இல்லை. அம்மாவுக்கும் இருந்தது,
பசறையில் இருக்கிற சின்னம்மாவுக்கும் இருக்கிறது.
அது ஒரு குறையா?
குறையென்றால் விலை இறங்கும்.

பதின்மூன்று எடுத்தார்கள்.
ஒற்றைப்படை வந்தால் கூடுதல் ஒன்று
கொடுக்கிறவளுக்காம், சட்டம் அப்படியாம்.
ஏழு எனக்கு, ஆறு அவளுக்கு.
மயக்கம் தெளியாத வாயால் சிரித்தேன்.
பதினாறு வயதிலிருந்து நிறுக்கிறேன்,
அன்றைக்குத்தான் முதல் முறை
தராசு என் பக்கம் சாய்ந்தது.

ஏழில் நான்கு சேர்ந்தது.
நான்கில் ஒன்றுதான் உள்ளே வைக்கத் தேறியது.
பன்னிரண்டாம் நாள்,
நாலாம் நம்பர் மலையில், இடுப்பில் படங்கோடு நிற்கையில்,
கால் வழியே சூடாக வந்தது.
கூடையை இறக்காமல் அந்த நிரையை முடித்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அடித்துக் கேட்டேன்,
அந்த ஆறு என்ன ஆச்சு?
"அத சொல்ல ஏலாது மிஸிஸ்" என்றாள் அதே மிஸ்.
குரல் நல்ல குரல்.

இரவு தயாபரன் சுவரைப் பார்த்துப் படுத்தபடி சொன்னான்,
"அங்கயாவது ஒண்ணு நின்னிருக்கும்."
அது ஆறுதலா, கோபமா,
முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது?

நின்றிருந்தால் இப்போது மூன்று வயது.
எந்தப் பாஷையில் அழுகிறதோ.
பென்சில் பிடிக்கும்போது
ஒரு விரல் மட்டும் உள்ளே மடங்கும்,
அவள் அதை நிமிர்த்தி நிமிர்த்தி விடுவாள்.
நிமிராது.
டொக்டரிடம் கொண்டுபோவாள்.
வலிக்காது, ஒன்றும் செய்யாது,
விட்டுவிடுங்கள் என்று
சொல்லத் தெரிந்த ஆள்
இங்கே கொழுந்து பறிக்கிறேன்.

சங்குப்பிள்ளை ஒரு நாள் கேட்டார்,
ஊசியெல்லாம் நிப்பாட்டியாச்சா, சுகமாயிருச்சா?
சீனி வருத்தம் சுகமாகிற வருத்தமா?
குளிசைக்கு மாத்திட்டாங்க என்றேன்.

பத்து மணிக்குப் பெருமாயி அக்கா கோப்பையை நீட்டுகிறாள்,
"ஒனக்குப் போடல புள்ள, பயப்படாமக் குடி."
போன தீபாவளிக்கு யாரோ மறந்துபோய்
இரண்டு கரண்டி போட்டுவிட்டார்கள்.
குடிக்க முடியவில்லை,
பீலிக்கரையில் ஊற்றிவிட்டு வந்தேன்.