உயிர் எடை

ஊர்ப் பேரே குதிரைத்தலை. எங்கள் பேச்சில் அட்-பாஷி.
ஞாயிற்றுச் சந்தையில் மாட்டுத் தராசு என் பொறுப்பு.
இரும்புப் பலகை, சுற்றிலும் கம்பி அடைப்பு.
நாற்பது சோம் கொடுத்தால்
உயிர் எடை சொல்வேன்.

காளை ஏறினால் பலகை முனகும்.
ஆடு தானாக ஏறாது,
பின்காலைப் பிடித்துத் தூக்கிப் போட வேண்டும்.
குதிரை மட்டும்
யாருக்கும் கடன்படாததுபோல
மலையைப் பார்த்து நிற்கும், முள் அடங்கும்வரை.

பத்து மணிக்கு மேல் லாரிகள் கிளம்பும்.
அப்புறம் ஆண்கள் ஏறுவார்கள்.

முதலில் சமர்பெக், மல்யுத்தக்காரன்.
யாக் எருதுக்குச் சமம் நான் என்று தொடையைத் தட்டினான்.
நூற்றுப் பன்னிரண்டு.
"போன வருஷத்துக் கன்றுகூட இதைவிட அதிகம்" என்றேன்.
எல்லோரும் சிரித்து முடித்தபின்
அவனும் சிரித்தான்.

துர்சுன்பாய் வாத்தியார்
மனிதனின் உயர்வு மூளையில்,
அதை எந்தத் தராசும் காட்டாது என்று
சொல்லிக்கொண்டே
தொப்பியைக் கழற்றினார், கோட்டைக் கழற்றினார்,
பையிலிருந்த சாவியையும் எடுத்து என்னிடம் தந்தார்.
கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்றேன்.
யோசித்தார்.

ஓமுர்பெக் எல்லாக் கடையிலும் பாக்கி வைத்தவன்.
"கிலோ என்ன விலை போவேன்?"
"எலும்பு கழித்தா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.
அறுபத்தொன்று என்றேன், மெதுவாக.
கொஞ்ச நேரம் அவன் இறங்கவில்லை.

இத்தனை வருஷத்தில்
எந்த ஆடும் பக்கத்து ஆட்டின் எண்ணைத்
திரும்பிப் பார்த்ததில்லை.
ஆட்டுக்கு வாசிக்கத் தெரியாதே என்பார் வாத்தியார்.
அதுவும் சரிதான்.

சினை ஆடு ஏறும் நாளில்
வாங்குபவன் அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்பான்.
விற்பவன், ரெண்டு உயிர் என்று விலையை ஏற்றுவான்.
எனக்கு இது ஏழாம் மாதம்.
வயிற்றைப் பார்த்து, பையன்தான் என்று
பந்தயம் கட்டிவிட்டுப் போனார்கள்.

சந்தை காலியானதும்
அடைப்புக் கதவை நீக்கி நானும் ஏறினேன்.
சாணி ஈரத்தில் கால் வழுக்கியது,
கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
முள் ஆடி அடங்கியது உள்ளங்காலில் தெரிந்தது.
எண் தெரியவில்லை.
முகப்பு வெளியே பார்த்தல்லவா இருக்கிறது!
பதினோரு வருஷம்
அந்தப் பக்கமே நின்றிருக்கிறேன்.

அங்கே இப்போது
விலை படியாத ஒரு கிழட்டு ஆடு,
கம்பத்தில் கட்டியபடி.
முள்ளுக்கு நேராகத் தலை.
பார்த்தது.
மென்றுகொண்டே இருந்தது.