மூன்றாம் தரம் வந்த கதவு

ஹிதாயா மிஸ்ஸியின் ஆல்ட்டோ
மூன்றாம் தரமும் வந்து நிற்கிறது.
அதே கதவு. பின் இடது.

முதல்தரம் எண்ணெய் விட்டேன்.
தேங்காயெண்ணெய் இல்லை, சொல்லிவிடுகிறேன்,
மெஷின் எண்ணெய்.
இரண்டாம்தரம் கொழும்பிலிருந்து
பஸ்ஸில் ஒரு லொக் எடுப்பித்து
நாலாயிரத்து எண்ணூறு பில் போட்டேன்.
பெட்டியில் ஜப்பான் எழுத்து.
எழுத்து மட்டும்தான்.

இன்று அவ ஏசவில்லை.
திறப்பை மேசையில் வைத்தா.
வலையிறவுப் பாலத்தடியில்
சில்லு ஒரு பள்ளத்தில் விழ
கதவு தன்பாட்டில் திறந்ததாம்.
அதில் சாய்ந்திருந்தது
கன்னன்குடாப் பிள்ளை ஒன்று,
எட்டு மாதம், கால் இரண்டும் வீங்கி.
மாமிக்காரி எட்டிச் சட்டையைப் பிடித்திருக்கிறாள்.
பிரஷர் பார்க்கிற பெட்டி மட்டும்
வாவிக்குள் போய்விட்டது.
"அரசாங்கத்துச் சாமான் மனே,
அதுக்கு வேறயா நான் கடிதம் எழுதோணும்."

உள்தட்டைக் கழற்றினேன்.
ஏழு கிளிப்பில் இரண்டு
முன்னமே நான் உடைத்தவை.
கதவின் அடியில் மூன்று ஓட்டை இருக்கும்,
மழைத்தண்ணி வடிய.
மூன்றும் அடைப்பு.
கடல்மணல், றப்பர்த் துகள், செத்த எறும்பு,
ஒரு பிடி சேறு.
கண்ணாடியோரம் இறங்கின தண்ணி
இரண்டு மாரி அங்கேயே இருந்திருக்கிறது.
ஸ்பிரிங் தொட்டதும் உடைந்தது.
விரலில் கறள், மஞ்சள் மா மாதிரி.

கல்லடியில் இந்தப் பக்கம் கடல்
அந்தப் பக்கம் வாவி.
காலையில் துடைத்து வைத்த ஸ்பானர்
பின்னேரம் சிவந்திருக்கும்.
இதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.
தெரிந்தும் இரண்டு தரம்
லொக்கின் நாக்கைப் பார்த்தேன்
அடியைக் குனிந்து பார்க்கவில்லை.

இன்னொன்று.
லொக்குக்கு இரண்டு பல் உண்டு.
முதல் பல்லில் கொளுவி நின்றாலும்
வெளியே நிற்பவருக்குப் பூட்டின கதவுதான்.
சத்தத்தில் மட்டும் வித்தியாசம்:
ஒன்று "டக்",
மற்றது "டக்-டக்".
மிஸ்ஸி ஓடுகிற ஓட்டத்தில்
அதைக் கேட்க யாருக்கு நேரம்?
தூணில் இருந்த கொக்கியைத் தளர்த்தி
ஒன்றரை மில்லி உள்ளே தள்ளி இறுக்கினேன்.
ஓட்டைகளைப் பெருப்பித்தேன்.
யோகட் வாளி மூடியை வெட்டி
லொக்குக்கு ஒரு கூரை.
கம்பி நுழையும் இடத்துக்கு சைக்கிள் டியூப்.
புது ஸ்பிரிங். வெள்ளைக் கிறீஸ், கொஞ்சம்.

டயரில் குந்தியிருந்தபடி அவ கேட்டா:
"உன்னிச்சையில வான்கதவு திறந்தா
ரோட்டுக்கு மேலால தண்ணி பாயும்.
அப்ப இது திறக்குமா?"

திறக்கக்கூடாது என்று கொண்டுவந்த கதவு.
நான் பதில் சொல்லாமல்
சென்டர் லொக் மோட்டரைப் பிரித்தேன்.
உள்ளே பிளாஸ்டிக் பல்லு, ஈரம்.
தண்ணி ஏறினால் பூட்டின நிலையில் இறுகும்,
உள்ளே இழுத்தாலும் வராது.
வயரை வெட்டிக் கட்டினேன்.
இனி இந்தக் கதவு கையால்தான், மிஸ்ஸி.
மற்ற மூன்றும்?
அவ கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்,
எனக்குள்.

ஹோஸைக் கதவுக்குள் விட்டுத்
திறந்து மூடத் தொடங்கினேன்.
சிகரெட் பெட்டியின் பின்புறம்
அஞ்சு அஞ்சாய்க் கோடு.
நாற்பதில் ஒரு போன் வந்தது,
நாவற்காட்டில் யாருக்கோ வலி.
அவ ஓட்டோவில் ஏறிப் போனா.
தொண்ணூறில் சூன் பாண் வண்டி
அந்த ஒரே பாட்டோடு கடந்தது.
தோள் நோகத் தொடங்கியது.
நூற்றைம்பதுக்குப் பிறகு
சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.
டக்-டக். டக்-டக்.

நூற்று எண்பத்தொன்று:
டக்.

முழங்காலில் இருந்து
கொக்கியைத் திரும்பப் பார்த்தேன்.
ஒரு ஸ்குரூ கால்சுற்றுத் தளர்ந்திருந்தது.
இருநூறு வரைக்கும் போகவேண்டும் என்று
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
நூறோடு நிறுத்தியிருந்தால்
இந்நேரம் தேத்தண்ணி குடித்திருப்பேன்.

ஸ்குரூவுக்குப் பசை வைத்து இறுக்கினேன்.
சிகரெட் பெட்டியில் இடமில்லை.
மிஸ்ஸியின் பழைய பில்லைத் திருப்பினேன்,
நாலாயிரத்து எண்ணூறு அடியில் போக.

ஒன்று.