இடக்கைப் பக்கம் கடல்

தில்நவாஸ் எழுதிய தாளில்
ஆறாம் கட்டம் இவ்வளவுதான்:
மனோரி படகுத்துறை முதல் கோராய் வரை.
சின்னது. ஒன்றரை மணி நேரம்.
கடல் இடக்கைப் பக்கம் இருக்கட்டும்,
தொலைய மாட்டாய்.

ஐந்தாம் கட்டத்தில், ஆக்ஸாவில்,
பாசி பிடித்த படி ஒன்று
அவள் கணுக்காலைக் கேட்டது.
கொடுத்துவிட்டாள்.
இப்போது தாதரில், மாவுக்கட்டைத் தலையணைமேல் ஏற்றி
வாட்ஸப்பில் என்னை நடத்துகிறாள்.

மார்வேயிலிருந்து படகில்
இரண்டு ஸ்கூட்டர், ஒரு கட்டு வெந்தயக்கீரை,
மடியில் பிறந்தநாள் கேக்கோடு மூச்சைப் பிடித்திருந்த ஒருவன், நான்.
ஏறிவிட்டாயா என்று கேட்டாள்.
இறங்கிவிட்டேன் என்று அனுப்பினேன்.
அவ்வளவு சின்னக் கழி.

மூங்கில் சட்டத்தில் பம்பில் மீன் காய்கிறது
வாயோடு வாய் கோத்து.
படம் அனுப்பினேன்.
வாசனையை அனுப்பு என்றாள்.

பிறகு மணல்.
ஈரமணல் தாங்கும், காய்ந்த மணல் காலைப் பிடித்து இழுக்கும்.
கிழக்குக் கரையில் பிறந்தவள் நான்.
என் கடல் காலையில் சூரியனைக் கொடுக்கும்,
இது சாயங்காலம் வாங்கி வைத்துக்கொள்ளும்.
இருபத்திரண்டு வருஷம் மலாடில் கணக்கெழுதியும்
இந்தப் பற்றுவரவு நேராகவில்லை.

பாதி வழியில் ஒரு விடுதிச் சுவர்
அலை வரைக்கும் வந்து நின்றது.
தாளில் சுவர் இல்லை.
தண்ணீர் ஏறும் நேரம்.
சவுக்குக்குள் சுற்றினேன்;
கடல் முதுகுக்குப் பின்னால் போனது,
பிறகு தலைக்குமேல் இரைந்தது,
பிறகு எங்கும் இல்லை.
சிக்னலும் இல்லை.
ஒரு நாய் மட்டும் சம்பளம் பேசாமல் கூட வந்தது.

இடக்கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன்.
இந்தக் கையால் யாருக்கும் எதையும் நீட்டாதே
என்றுதான் வளர்த்தார்கள்.
சுவர் முடிந்த இடத்தில்
உப்புக்காற்று முதலில் வந்து பட்டது
அந்த உள்ளங்கையில்.

கோராயில் ஞாயிற்றுக்கிழமைக் கூச்சல்.
குதிரை வண்டி, சோளம் சுடும் புகை,
நனைந்த ஜீன்ஸோடு நடக்க முடியாமல் நடக்கும் மாப்பிள்ளைகள்.
தாளின் கடைசி வரி: சிவப்புக் கொடிக்கம்பம்.
முன்னூறு மீட்டர் இருக்கும்.
நின்ற இடத்திலேயே ஒரு இளநீர் குடித்தேன்.
நாய்க்கு பிஸ்கட்.

போன் விழித்தது, பதினோரு செய்திகளோடு.
முடிந்ததா?
இல்லை. கொடிக்கம்பம் பாக்கி.
கால் வலியா?
இல்லை.

மூன்று புள்ளிகள்
எழுந்தன, விழுந்தன, மறுபடி எழுந்தன.
பிறகு குஜராத்தியில் ஒரு வசவு.
அதன் வாலில்
மாவுக்கட்டு பிரிக்கும் தேதி.